பாட்டிலுக்குள் ஈ எப்படி வந்தது?

கேள்வி: மகளுக்காக எருக்கஞ்செடியிலிருந்து வரிவரியான மூன்று புழுக்களை எடுத்துவந்து, வாயை வலைத்துணியால் கட்டிய பாட்டிலில் வளர்த்தோம். மூன்றுமே பச்சைக் கூடு கட்டித் தொங்கின. இரண்டில் பட்டாம்பூச்சி வந்தது. மூன்றாவது கறுத்துப்போய், அதிலிருந்து பிசின் நூல் போல ஒன்று தொங்க, வெள்ளைப் புழுக்கள் நான்கு கீழே விழுந்து பழுப்பு மணிகளாகிவிட்டன. பத்து நாள் கழித்து ஒரு மணியிலிருந்து ஈ வந்திருக்கிறது! உள்ளே போக வழியே இல்லையே? வீட்டு ஈதானா, குழந்தைக்கு ஆபத்தா?
— வாசகி, திருச்சி

பதில்: பயம் வேண்டாம், இது கடிக்காது. வந்தது டாக்கினிட் குடும்பத்து ஒட்டுண்ணி ஈ. பார்க்க வீட்டு ஈ மாதிரிதான், ஆனால் வயிற்றின் பின்பக்கம் முள்முள்ளாக மயிர் சிலிர்த்து நிற்கும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். புழுவின் மேல் அரிசி மாதிரி வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அது வேறு கதை, குளவியின் வேலை. குளவிக்கு நாலு இறக்கை, ஈக்கு இரண்டுதான்.

வழி எங்கே என்கிறீர்களே, நீங்களேதான் கொண்டுவந்தீர்கள். இந்தக் குடும்பத்தில் சில ஈக்கள் நேராகப் புழுவின் தோலில் முட்டையை ஒட்டிவிடும். வேறு சில தூசி அளவு முட்டைகளை இலையில் இட்டுவிட்டுப் போய்விடும், புழு இலையோடு சேர்த்து விழுங்க, முட்டை வயிற்றுக்குள் பொரிந்து, உள்ளேயே தின்று வளரும். வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. செடியில் இருந்தபோதே நடந்திருக்கலாம், நீங்கள் பறித்துப்போட்ட இலையிலும் வந்திருக்கலாம்.

ஓசூர்ப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் இந்த ஈயைப் பற்றிக் கேட்டால் திட்டுவார்கள், இதே குடும்பத்து ஊசி ஈயைத் தடுக்கத்தான் அவர்கள் ஜன்னலுக்கெல்லாம் வலை அடிக்கிறார்கள். கரும்புக்காரர்களோ இன்னொரு வகையை இளங்குருத்துப் புழுவைக் கொல்வதற்காகவே வயலில் விடுகிறார்கள். அதனால் தோட்டத்தில் கண்டால் மருந்தடிக்காதீர்கள், உங்கள் வெண்டைக்கும் கத்தரிக்கும் அது ஆள் இல்லாத காவல்.

அடுத்த முறை பட்டாம்பூச்சி எருக்கிலையின் அடியில் முட்டையாக இருக்கும்போதே எடுங்கள், போடும் இலையைக் குழாயடியில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம், மீதி மூன்று மணிகளைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஈ, தன் நெற்றியிலிருந்து பலூன் மாதிரி ஒரு பையை ஊதித்தான் மணியின் மூடியைத் தள்ளித் திறக்கும். மகளை ஒரு காலையில் பக்கத்தில் உட்காரவையுங்கள்.