ஜப்பானில் தூய பௌத்தம் எங்கே?

கேள்வி: அக்டோபர் முதல் வாரம் ஜப்பான் போகிறேன். அங்கே பௌத்தம் உள்ளூர் ஷின்டோ வழிபாட்டோடு கலந்து கெட்டுப்போய்விட்டது என்கிறார்களே, உண்மையா? தூய பௌத்தத்தைப் பார்க்க எந்தக் கோயிலுக்குப் போகலாம்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘தூய’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மீது இல்லை, அந்தச் சொல்லின் மீது. ஜப்பானில் அது என்ன செய்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோயில் விலாசம் அப்புறம்.

1868-ல் ஷோகன் என்ற ராணுவத் தலைவர்களின் ஆட்சி சரிந்து, மெய்ஜி பேரரசர் பெயரில் புதிய அரசு வந்தது. வந்த வேகத்தில் ஓர் ஆணை போட்டார்கள். ஷின்டோ ஆலயங்களில் தெய்வமாக வைத்திருக்கும் புத்தர் சிலைகளை வெளியே எடுக்க வேண்டும், மணிகளை இறக்க வேண்டும், அங்கே வழிபாடு நடத்திவந்த பிக்குகள் துறவைக் கைவிட வேண்டும். பிரிக்கத்தான் சொன்னார்கள், உடைக்கச் சொல்லவில்லை. ஆனால் உடைத்தார்கள். ஹியேய் மலையடிவார ஆலயத்தில் ஆயுதங்களோடு புகுந்து சிலைகளையும் சூத்திர ஏடுகளையும் கொளுத்தினார்கள். காமகுராவில் ஹச்சிமான் என்ற தெய்வத்தின் ஆலய வளாகத்துக்குள் இருந்த பகோடா இடிக்கப்பட்டது. நாராவில் கோஃபுகுஜி மடத்துப் பிக்குகள் கூட்டமாகத் துறவைத் துறந்து பக்கத்துக் கசுகா ஆலயத்தில் பூசாரிகளானார்கள்; அத்தனை பெரிய மடம் கேட்பாரற்றுக் கிடந்தது. தெற்கே சத்சுமாவில் அழிக்கப்பட்ட கோயில்கள் 1,066. மலைகளில் தவம் செய்யும் ஷுகென்தோ துறவிகளின் மரபில் புத்தரையும் மலைத் தெய்வத்தையும் பிரிக்க வழியே இல்லை. 1872-ல் அந்த மரபையே தடை செய்தார்கள்.

மக்களுக்கு மடங்கள் மீது ஆத்திரம் இருந்தது நிஜம். அதற்கு முந்தைய தோக்குகாவா ஷோகன்களின் ஆட்சியில், தான் கிறிஸ்தவன் இல்லை என்று காட்ட ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பெயரைப் பதிந்தாக வேண்டும். அந்தப் பிடியை வைத்துக் காசு பிடுங்கிய பிக்குகள் இருந்தார்கள். அவர்களைத் தண்டித்திருக்கலாம். மரச்சிலை என்ன பாவம் செய்தது?

நம் சரஸ்வதியும் தப்பவில்லை. பௌத்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தவள் அவள். பென்சைட்டென் என்று பெயர், வீணை இருந்த இடத்தில் பிவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம். தண்ணீர் சூழ்ந்த இடமென்றால் அவளுக்குப் பிடிக்கும்: எனோஷிமா, இட்சுகுஷிமா, பிவா ஏரிக்குள் இருக்கும் சிகுபு தீவு. தூய்மை வந்ததும் பல ஊர்களில் அவள் பெயரை நீக்கிவிட்டு இச்சிகிஷிமஹிமே என்ற உள்ளூர் தேவியின் பெயரை வைத்தார்கள். சிகுபு தீவில் கோயிலையே இரண்டாக வகுந்தார்கள், பாதி பௌத்தம், பாதி ஷின்டோ. லட்சுமி, குபேரன், யமன், பிள்ளையார் எல்லோரும் இதே வழியில்தான் அங்கே போனார்கள். பௌத்தம் எந்தக் காலத்திலும் தனியாகப் பயணம் செய்ததில்லை. நீங்கள் தேடும் தூய பௌத்தத்தை முதலில் கங்கைக் கரையிலேயே தேட வேண்டும். புத்தர் ஞானம் பெற்றபின் தயங்கியபோது போதிக்கச் சொல்லி வேண்டியவர் பிரம்மா என்றுதான் பாலி நூல்களே சொல்கின்றன.

கலப்பு சண்டையில் தொடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 6-ஆம் நூற்றாண்டில் கொரியாவின் பேக்சே நாட்டு அரசர் புத்தர் சிலை அனுப்பினார். சோகா குடும்பம் ஏற்றது, மோனோனோபே குடும்பம் எதிர்த்தது. கொள்ளைநோய் வந்ததும், உள்ளூர்த் தெய்வங்களான காமிகளின் கோபம் என்று சிலையை நானிவா கால்வாயில் எறிந்தார்கள். 587-ல் போரில் சோகாக்கள் வென்ற பிறகுதான் பௌத்தம் நிலைபெற்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 763-ல் தாடோ என்ற இடத்தின் காமி, ஒருவர் மேல் இறங்கிப் பேசுகிறது: நெடுங்காலம் செய்த வினையால் தெய்வமாகப் பிறந்துவிட்டேன், இந்தத் தெய்வ உடம்பிலிருந்து விடுபட்டு புத்தம், தர்மம், சங்கத்தைச் சரணடைய வேண்டும் என்று. மங்கன் என்ற பிக்கு அங்கே கோயில் கட்டினார். தெய்வமாக இருப்பதும் துக்கம்தான், அதற்கும் விடுதலை வேண்டும் என்ற இந்த எண்ணத்தைவிட ஆழமான பௌத்தம் எங்கே இருக்கிறது? இதையா கெட்டுப்போனது என்கிறார்கள்?

அப்புறம் ஹச்சிமான். கியூஷு தீவின் உசாவில் இருந்த காமி. நாராவின் தோதாய்ஜியில் மாபெரும் வெண்கலப் புத்தரை வார்த்தபோது, துணை நிற்பதாக அருள்வாக்கு சொன்னது. 749-ல் பல்லக்கிலேறித் தலைநகருக்கும் வந்தது. 781-ல் அந்தக் காமிக்கு அரசவை போதிசத்துவர், அதாவது புத்தநிலையை நோக்கிச் செல்பவர், என்ற பட்டமே தந்தது.

752-ல் அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர். உடனே எனக்கு வரும் கட்டுரைகள் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் அவரை ஒவ்வொரு தமிழ் ஊரில் பிறக்கவைக்கிறது. அவர் நினைவாக எழுதிய பழைய கல்வெட்டு வாசகத்தில் தென்னிந்தியப் பிராமணர் என்று இருக்கிறது. கடல் கடந்து 736-ல் ஜப்பான் அடைந்து, அங்கேயே 760-ல் இறந்த மனிதர். அதுவே போதும். ஊர்ப்பெயரோடு வரும் கட்டுரையைப் போட மாட்டேன், தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

சரி, விலாசம். நாரா போங்கள். தோதாய்ஜியில் பெரிய புத்தரை வணங்கிவிட்டு, அருகே தமுகேயாமா ஹச்சிமான் ஆலயத்துக்கு நடந்தே போகலாம். 1201-ல் சிற்பி கைகெய் செதுக்கிய ஹச்சிமான் சிலை அங்கேதான் மூலவராக இருந்தது: மொட்டைத் தலை, பிக்குவின் அங்கி, கையில் தடி. மெய்ஜி ஆணை வந்ததும் அதைத் தோதாய்ஜிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆண்டில் ஒரே நாள், அக்டோபர் 5 அன்று, மக்கள் பார்க்கத் திறந்துவைக்கிறார்கள். ஆலயத்தின் விழாவும் அன்றுதான். உங்கள் டிக்கெட்டில் தேதியைப் பாருங்கள்.