அப்பாவுக்குக் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை வீட்டிலேயே போட்டுக் காட்ட

தக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு எண்பது வயசாகப் போகுது. ‘காதலிக்க நேரமில்லை’ பார்க்கணும்னு சொல்லிட்டே இருக்கார். போன்ல தேடினா வேற என்னவோ வருது. எங்க டிவி ஸ்மார்ட் டிவியும் இல்ல. என்ன செய்ய?”

முதலில் அந்த ‘வேற என்னவோ’. 2025 பொங்கலுக்கு இதே பெயரில் ரவி மோகன், நித்யா மேனன் நடித்த படம் வந்தது, அதற்கு முன்னால் விஜய் டிவியில் இதே பெயரில் ஒரு சீரியலும் ஓடியது, அதனால் பெயரை மட்டும் போட்டால் புதுசுதான் மேலே வந்து நிற்கும். படம் வந்த வருஷம், இயக்குநர் பெயர் இரண்டையும் ‘1964 ஸ்ரீதர்’ என்று சேர்த்துப் போடுங்கள். எந்த ஓடிடி என்று இங்கே சொல்லாததற்குக் காரணம் உண்டு: பழைய படங்களின் உரிமை அடிக்கடி கைமாறும், இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்காது. எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை இந்தியா என்று வைத்துத் தேடுங்கள். பணம் கட்டுவது அப்புறம்.

யூடியூபில் கிடைத்தால் உடனே அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடாதீர்கள். வெட்டிப் போட்ட பிரதிகள் உண்டு. முழுப்படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். சத்தங்களையெல்லாம் நாகேஷ் வாயாலேயே போடுவார், எதிரே பாலையா பேசுவது கொஞ்சம்தான், பயம் முழுக்க அந்த முகத்தில் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சின்னச் சத்தங்கள் இரைச்சலில் அமுங்கிப்போனால் அந்தப் பிரதி வேண்டாம், வேறு பாருங்கள். அப்பா இத்தனை நாள் காத்திருப்பது பெரும்பாலும் அந்தக் காட்சிக்காகத்தான் இருக்கும்.

சரி, டிவி. பின்பக்கம் எச்டிஎம்ஐ (HDMI) ஓட்டை இருந்தால், அதில் செருகி இணையப் படங்களைப் பார்க்கிற ஃபயர் ஸ்டிக் ஒன்று போதும், வைஃபை இல்லாவிட்டால் போன் ஹாட்ஸ்பாட் கொடுங்கள், தரத்தை 480ல் வைத்தால் டேட்டா சீக்கிரம் தீராது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை மட்டும்தான் என்றால் இடையில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் ‘எச்டிஎம்ஐ டூ ஏவி’ என்று அழுத்திக் கேளுங்கள், ஏனென்றால் ‘ஏவி டூ எச்டிஎம்ஐ’ என்று தலைகீழாக மாற்றுகிற பெட்டியும் பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், தப்பாக வாங்கிவிட்டால் படமே வராது. முகமெல்லாம் அகலமாகத் தெரிந்தால் ரிமோட்டில் படத்தின் அளவை 4:3க்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரி.

இணையமே வேண்டாம் என்றால் முரசு, சன் லைஃப் மாதிரி பழைய படம் போடும் சேனல்களின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஆனால் நடுவில் நிறுத்த முடியாது.

ஐப்பசி என்றால் காலையிலேயே போட்டுவிடுங்கள், மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வந்தால் கரண்ட் நிலையில்லை. பாதிப் படத்தில் நிறுத்தி அப்பாவுக்கு ஒரு சாயா போட்டுக் கொடுங்கள், ஹாட்ஸ்பாட் போட்ட போனையும் அந்த நேரத்தில் சார்ஜில் போட்டுவிடலாம்.