நடுவானில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் விமானத்தை இறக்குவார்களா?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். சுகருக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அடுத்த மாதம் அம்மாவும் அவரும் மட்டும் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக டொராண்டோவுக்கு என்னிடம் வருகிறார்கள். போன வருடம் எங்கள் உறவினர் ஒருவருக்கு விமானத்தில் மூச்சுத்திணறல் வந்தது. கெஞ்சியும் இடையில் இறக்கவில்லை, மூன்று மணி நேரம் ஆக்சிஜன் மாட்டிக்கொண்டே வந்தாராம். இறக்குவதா வேண்டாமா என்று யார் முடிவு செய்கிறார்கள்? நாம் வற்புறுத்த முடியுமா? இறக்கினால் செலவு யார் தலையில்? பேசாமல் பயணத்தையே விட்டுவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அப்பா நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் ஒரு மாடிப்படி ஏறுகிறாரா? ஆம் என்றால் பொதுவாக விமானத்தில் வருவதற்குத் தடை இல்லை. மாரடைப்பு வந்து முதல் ஒரு வாரம் பத்து நாள், பைபாஸ் முடிந்து முதல் இரண்டு வாரம், அடிக்கடி வலி வந்துகொண்டிருக்கும் நிலை, இவைதான் மருத்துவர்களாகிய நாங்கள் வேண்டாம் என்று சொல்லும் இடங்கள். இரண்டு வருடப் பழைய ஸ்டென்ட் அந்தப் பட்டியலில் இல்லை. கிளம்புவதற்கு முன் ஒருமுறை இதய மருத்துவரிடம் காட்டி ஒரு புது இ.சி.ஜி. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

விமானத்துக்குள் உடம்புக்கு என்ன ஆகிறது என்பது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். வெளியே 35,000 அடி உயரம் என்றாலும், உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. ஊட்டியை விடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அது 6,000 அடி அளவிலேயே இருக்கும். ஆரோக்கியமானவருக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு இறங்கும். அவருக்கு அது தெரியாது. நுரையீரலோ இதயமோ ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருப்பவருக்குத் தெரியும். காற்றும் வறண்டிருக்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் டாய்லெட்டுக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். பிபி மாத்திரை உள்ளே, தண்ணீர் இல்லை, ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்தே இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழாமல் என்ன செய்யும்?

விமானத்தில் அதிகம் நடப்பதும் அதுதான். 2008 முதல் 2010 வரை ஐந்து விமான நிறுவனங்களில் பதிவான 11,920 மருத்துவ அவசரங்களை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஏறக்குறைய 604 விமானங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் இப்படி நடக்கிறது. அதில் 37 சதவீதம் மயக்கம் அல்லது மயக்கம் வருவது போன்ற நிலை. படுக்க வைத்துக் காலைத் தூக்கி, ஆக்சிஜன் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் கால்மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். விமானத்தை வேறு ஊரில் இறக்க வேண்டி வந்தது சுமார் 7 சதவீதத்துக்குத்தான்.

இனி யார் முடிவு செய்கிறார்கள் என்பது. சட்டப்படி கேப்டன். அவர் ஒருவர்தான். பயணியாக வந்த டாக்டரோ, நோயாளியின் மகனோ, விமான நிறுவனத்தின் மேலாளரோ அதை மாற்ற முடியாது. ஆனால் கேப்டன் மருத்துவர் இல்லையே, அதனால் அவர் தரையில் இருக்கும் மருத்துவரிடம் பேசுவார். உலகின் பல விமான நிறுவனங்கள் இதற்கென்றே 24 மணி நேரச் சேவைகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து இயங்கும் மெட்லிங்க் அதில் ஒன்று. கேபின் பணியாளர் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எடுத்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டுச் சொல்வார். அந்த மருத்துவர் மருத்துவப் பெட்டியிலிருந்து எதைக் கொடுக்கலாம் என்பதையும், இறக்க வேண்டுமா என்பதையும் சொல்வார். அந்தப் பெட்டியில் ஆஸ்பிரின், நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், அட்ரினலின், குளுக்கோஸ் ஊசி, மூச்சுக்குழல் விரிய வைக்கும் இன்ஹேலர் போன்றவை இருக்கும். பெரிய விமானங்கள் பெரும்பாலானவற்றில் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவியும் உண்டு.

விமானத்தில் டாக்டர் யாராவது இருந்தால் நல்லது. நான் சொன்ன ஆய்வில் கிட்டத்தட்டப் பாதிச் சம்பவங்களில் ஒரு டாக்டர் இருந்து உதவியிருக்கிறார். 2022 ஜூலையில் டெல்லியிலிருந்து ஹைதராபாத் போன விமானத்தில் ஒருவருக்கு முடியாமல் போனபோது எழுந்து போய் முதலுதவி செய்தவர் அப்போதைய தெலங்கானா ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன். அவர் மகப்பேறு மருத்துவர். இந்த உதாரணத்தை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. விமானத்தில் கிடைக்கும் டாக்டர் எந்தத் துறைக்காரராகவும் இருக்கலாம். தோல் மருத்துவரும் வரலாம், பல் மருத்துவரும் வரலாம். முன்பின் பார்த்திராத நோயாளி, இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப்பில் எதுவும் கேட்காது. அதனால் அவர்கள் பாதுகாப்புக்காக 'இறக்கிவிடுங்கள்' என்று சொல்லவே வாய்ப்பு அதிகம். தரை மருத்துவருக்கு இதே வேலை என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்வார். இரண்டும் முரண்பட்டால் பெரும்பாலும் தரை மருத்துவரின் பேச்சே எடுபடும்.

"பணத்துக்காகத்தானே இறக்காமல் போகிறார்கள்?" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். தேவையில்லாத இறக்கங்கள் குறைவது நிறுவனங்களுக்கு லாபம்தான், தரை மருத்துவர் சேவைக்கு அவர்கள் பணம் கட்டுவதில் அந்தக் கணக்கும் இருக்கிறது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவர் யோசிப்பது வேறு. எங்கே இறக்கினால் நோயாளிக்குச் சிகிச்சை சீக்கிரம் கிடைக்கும் என்பதுதான் அவர் முன் உள்ள கேள்வி. மிக அருகில் இருக்கும் ஓடுபாதைதான் அந்தக் கேள்விக்கு விடை என்பதில்லை.

அப்பா போகும் வழியையே எடுத்துக்கொள்வோம். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து டொராண்டோவுக்குச் சுமார் எட்டரை மணி நேரம். அயர்லாந்தைத் தாண்டினால் கடல். இடையில் இறங்க ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக், அப்புறம் கனடாக் கரையில் கூஸ் பே, கேண்டர். கேண்டரின் ஓடுபாதை மிக நீளமானது, 2001 செப்டம்பர் 11 அன்று 38 பெரிய விமானங்களை ஒரே நாளில் வாங்கி நிறுத்திய இடம். ஆனால் ஊர் சிறியது. அந்த மாகாணத்தில் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் செயின்ட் ஜான்ஸ் நகரில்தான் உண்டு. கேண்டரிலிருந்து சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல். மாரடைப்பு வந்தவரைக் கேண்டரில் இறக்கி, ஆம்புலன்ஸ் ஏற்றி, அங்கிருந்து மறுபடி மாற்றுவதற்குப் பதில், இன்னும் ஒரு மணி நேரம் பறந்து பெரிய நகரில் இறக்குவது சரியாக இருக்கலாம். இதயம் நின்று ஷாக் கொடுத்து மீட்ட ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லை, கேண்டரே சரி. பக்கவாதம் வந்தவருக்கு சி.டி. ஸ்கேன் உள்ள ஊர் வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேர அவகாசம்தான்.

கீழேயே பெரிய ஊர் தெரிந்தாலும் உடனே இறங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த உயரத்திலிருந்து ஒழுங்காக இறங்கவே இருபது, இருபத்தைந்து நிமிடம். கதவு திறந்து மருத்துவக் குழு ஏற, இன்னும் பத்து நிமிடம். டொராண்டோவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் பிரச்சினை என்றால், வேறு ஊரில் இறங்கி மிச்சமாவது சுமார் ஒரு மணி நேரம்தான். அதற்காகத் தெரியாத ஊர், பழக்கமில்லாத மருத்துவமனை.

எடையும் ஒரு தொல்லை. போயிங் 777-300இஆர் சுமார் 351 டன்னோடு மேலே ஏறலாம், ஆனால் இறங்கும்போது சுமார் 251 டன்தான் இருக்க வேண்டும். நடுவில் உள்ள நூறு டன் வழியில் எரிய வேண்டிய எரிபொருள். கிளம்பிய சற்று நேரத்தில் அவசரம் என்றால், அதை வானத்தில் கொட்டிவிட்டு இறங்கலாம். ஏ320, 737 போன்ற சிறிய விமானங்களில் அந்த வசதியே கிடையாது, சுற்றி எரிக்க வேண்டும் அல்லது கூடுதல் எடையோடு இறங்க வேண்டும். உயிர் போகும் நிலையில் கேப்டன் அப்படி இறக்கலாம், அனுமதி உண்டு. பின்னால் விமானத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பணியாளர்களின் வேலை நேர வரம்பு முடிந்துவிட்டால் மற்ற முந்நூறு பேரும் அந்த ஊரில் இரவு தங்க நேரும். அது கேப்டனுக்குத் தெரியும், ஆனால் மருத்துவர் 'இறக்கு' என்று சொன்ன பிறகு அதற்காக யாரும் தயங்கி நான் பார்த்ததில்லை.

அரசியலும் பெரிதாகக் குறுக்கே வராது. 2023 மார்ச்சில் டெல்லியிலிருந்து தோஹா போன இண்டிகோ விமானம், ஒரு பயணிக்கு முடியாமல் போனதால் கராச்சியில் இறங்கியது. அப்போது அந்த வான்வெளி இந்திய விமானங்களுக்குத் திறந்திருந்தது. இறங்கியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து டெல்லி போன விஸ்தாரா விமானத்தில் இரண்டு வயதுக் குழந்தைக்கு மூச்சு நின்றது. விமானத்தில் இருந்த எய்ம்ஸ் டாக்டர்கள் ஐந்து பேர் உயிர்ப்பித்து, நாக்பூரில் இறக்கினார்கள். சில நாள் கழித்து மருத்துவமனையில் குழந்தை இறந்துவிட்டது. இதற்கு எதிர்த் திசையிலும் ஒன்று சொல்கிறேன். 1995-இல் ஹாங்காங்கிலிருந்து லண்டன் போன விமானத்தில் ஒரு பெண்ணின் நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கிவிட்டது. பேராசிரியர் ஆங்கஸ் வாலஸ் என்ற எலும்பு மருத்துவர், சட்டை மாட்டும் கம்பியையும் சிறுநீர்க் குழாயையும் பிராந்தியால் சுத்தம் செய்து, மார்பில் துளையிட்டுக் காற்றை வெளியேற்றினார். விமானம் லண்டனுக்கே போனது, அந்தப் பெண்ணும் பிழைத்துக்கொண்டார்.

உங்கள் உறவினர் விஷயத்துக்கு வருகிறேன். ஆக்சிஜன் கொடுத்ததும் அளவு ஏறி நின்று, பேச்சும் நினைவும் தெளிவாக இருந்திருந்தால், மூன்று மணி நேரம் தொடர்ந்தது தவறான முடிவாக எனக்குத் தோன்றவில்லை. விமானத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்கள் அளவான எண்ணிக்கையில்தான் இருக்கும், பெரும்பாலும் நிமிடத்துக்கு 2 அல்லது 4 லிட்டர் அளவில் ஓடும். அது தீர்ந்துவிடும் என்று தெரிந்தால் அதுவே இறக்கக் காரணம் ஆகும். பக்கத்தில் இருப்பவருக்கு அந்த மூன்று மணி நேரம் நரகம் என்பதில் சந்தேகமில்லை. காக்பிட்டில் என்ன பேசினார்கள் என்பதைக் கேபின் பணியாளர் இரண்டு வரியில் சொல்லியிருந்தால் பாதி வேதனை குறைந்திருக்கும். பலர் சொல்வதில்லை, அவர்கள் மேல் எனக்குள்ள மனக்குறை அது.

வற்புறுத்தி இறக்க முடியாது. ஆனால் முடிவை மாற்றக்கூடிய ஒன்று குடும்பத்தின் கையில் இருக்கிறது: தகவல். '72 வயது, நெஞ்சில் ஏதோ செய்கிறது' என்பது ஒரு செய்தி. '2 வருட ஸ்டென்ட், ரத்தம் உறையாமல் இருக்க இன்ன மாத்திரை, சுகர், வலி இருபது நிமிடமாக இடது கைக்குப் பரவுகிறது, வேர்க்கிறது, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தும் குறையவில்லை' என்பது வேறு செய்தி. இரண்டாவதைக் கேட்ட மருத்துவர் உடனே உஷாராகிவிடுவார். ஆகவே ஒரே பக்கத்தில், ஆங்கிலத்தில், நோய், ஸ்டென்ட் வைத்த தேதி, மாத்திரைகளின் மருந்துப் பெயர், ஒவ்வாமை, உங்கள் டொராண்டோ நம்பர் எல்லாம் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியும் அந்தப் புது இ.சி.ஜி.யும் சேர்த்து அம்மாவின் கைப்பையில் வையுங்கள். அப்பாவின் பையில் வேண்டாம், அவர் மயங்கினால் யார் தேடுவது? விமானத்தில் ஏறியதும் அம்மா அதைக் கேபின் பணியாளரிடம் ஒருமுறை காட்டட்டும். நோயைச் சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று மறைப்பவர்கள் நிறைய. நலமாக இருப்பவரை ஸ்டென்ட் இருக்கிறது என்பதற்காக யாரும் இறக்கிவிட மாட்டார்கள்.

சக்கர நாற்காலி போட்டிருப்பீர்கள், மொழி தெரியாத பெற்றோருக்கு நம் ஆட்கள் எல்லோரும் போடுவதுதான். அதனால் விமான நிறுவனத்துக்கு உடல்நிலை தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நடக்க உதவி வேண்டும் என்பது மட்டும்தான் அதில் பதிவாகும்.

எல்லா மருந்தும் கைப்பையில், இரண்டு நாள் கூடுதலாக. இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் கீழே சரக்கறையில் உறைந்து கெட்டுப்போகலாம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மாத்திரை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சென்னையிலிருந்து மேற்கே போகும்போது நாள் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் நீளும், இன்சுலின் அட்டவணையை அவருடைய சுகர் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது: சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. வண்டி வருகிறது என்று பார்த்து ஊசி போட்டுக்கொண்டு, குலுக்கல் வந்து வண்டி திரும்பிப் போய், சுகர் இறங்கி மயங்குவது அடிக்கடி நடக்கும் கூத்து.

செலவுக் கேள்வி மிச்சம். வேறு ஊரில் இறக்கியதற்கான எரிபொருள், நிறுத்தக் கட்டணம் போன்றவை பொதுவாக விமான நிறுவனத்தின் பொறுப்பு, நோயாளிக்கு பில் வராது. மருத்துவமனைச் செலவும், பின்னால் ஊர் போய்ச் சேரும் டிக்கெட்டும் உங்களுடையது. இங்கேதான் டொராண்டோக்காரர்கள் ஏமாறுகிறார்கள். பெற்றோர் நீண்ட நாள் தங்கக் கனடா தரும் சூப்பர் விசாவுக்குக் கட்டாயமான ஒரு லட்சம் டாலர் இன்சூரன்ஸ் எடுத்திருப்பீர்கள். அந்த மாதிரிப் பல பாலிசிகள் கனடாவில் கால் வைத்த பிறகுதான் தொடங்கும். ஃபிராங்க்ஃபர்ட்டிலோ ஐஸ்லாந்திலோ படுத்தால் அது கைகொடுக்காது. பயண நாட்களுக்கு மட்டும் இந்தியாவில் ஒரு டிராவல் இன்சூரன்ஸ் தனியாக எடுங்கள். ஸ்டென்ட், சுகர் இரண்டையும் படிவத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோயால் உயிருக்கு ஆபத்து வந்தால் எவ்வளவு தருவார்கள் என்ற வரியை, பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.