டீச்சர் பதில்கள்: வாசிக்கச் சொன்னால் தலைகுனியும் தம்பி

அன்புள்ள டீச்சர்,
அம்மா சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறார், அப்பா செடி வெட்டும் கவ்வாத்து வேலை. தம்பி தரம் 9இல் படிக்கிறான். அவனுக்கு வாசிக்க வரவில்லை. சென்ற தவணைப் பரீட்சையில் தமிழில் 11 புள்ளி, வரலாற்றில் 8. ஆனால் பழுதான ரேடியோவைக் கழற்றித் திரும்பப் பூட்டிவிடுவான். தோட்டத்தில் யார் வீட்டில் பியூஸ் போனாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். பாடசாலையில் கடைசி வாங்கில் இருத்தியிருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா அரைப்பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, விட்டுவிட்டுப் போனார். “இவனை ஏன் இன்னும் அனுப்புகிறீர்கள்? ஒரு தொழில் பழக்குங்கள்” என்று ஓர் ஆசிரியர் சொன்னாராம். அம்மா வீட்டுக்கு வந்து அழுதார். தம்பிக்கு மூளை வளர்ச்சி குறைவா? படிப்பை நிறுத்திவிடலாமா?
– ஓர் அக்கா, பொகவந்தலாவை

தங்கச்சி, நிறுத்த வேண்டாம். இதை முதலில் அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டு, மிச்சத்தை ஆறுதலாக வாசி.

2016ஆம் ஆண்டிலிருந்து நம் இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம். தரம் 9 பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும்படி சொல்ல எந்த ஆசிரியருக்கும் இடமில்லை. அந்த ஆசிரியர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் முதல் ஏழெட்டு ஆண்டுகள் யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் காலத்தில் என் வகுப்பில் ஒருவன், கரும்பலகையில் இருப்பதைத் தாறுமாறாகப் பார்த்தெழுதுவான். சோம்பேறி என்று திட்டினேன். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன். தரம் 8உடன் நின்று கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். சில ஆண்டுகள் கழித்துத் தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் தடித்த கண்ணாடி போட்டிருந்தான். சாமான் பெட்டியில் இருந்த எழுத்தை அவன் மூக்கோடு ஒட்டிப் பார்ப்பதைக் கண்டு முதலாளி வாங்கிக் கொடுத்தாராம். ஒரு கடை முதலாளி ஒரு மாதத்தில் கண்டதை நான் இரண்டு ஆண்டுகள் காணவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே முதல் வேலை கண்ணும் காதும். தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்குப் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும். தரம் 7இல் தம்பி அன்றைக்குப் போனானா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டு ஏதும் கொடுத்தார்களா என்று அம்மாவிடம் கேள். தவறவிட்டிருந்தால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

இரண்டாவது வேலையை நீயே வீட்டில் செய்யலாம். அவனுடைய விஞ்ஞானப் புத்தகத்தில் அவனுக்குப் பிடித்த மின்சாரப் பாடத்தில் ஒரு பக்கத்தை எடு. முதலில் அவனை வாசிக்கவிட்டு, என்ன விளங்கியது என்று கேள். பிறகு அடுத்த பக்கத்தை நீ வாசித்துக் காட்டிவிட்டு அதே மாதிரிக் கேள்வி கேள். தானே வாசித்ததில் ஒன்றும் சொல்ல முடியாதவன் காதால் கேட்டதை ஒழுங்காகச் சொல்கிறான் என்றால், தடங்கல் எழுத்தில்தான், அறிவில் இல்லை. ரேடியோவைப் பூட்டும் பிள்ளையிடம் நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

அவன் வாசிக்கும்போது எங்கே தடக்குகிறான் என்று ஒரு கொப்பியில் குறித்துவை. நான் விசேட கல்வி அலகில் இருந்தபோது ஒரு பையன் ஒவ்வொரு முறையும் ‘கொழுந்து’ என்ற சொல்லில் நின்றுவிடுவான். பிறந்த நாள் முதல் காதில் விழுந்த சொல், அம்மாவின் கூடையில் உள்ள பொருள். அவனுடைய விரலைக் கவனித்தேன். ‘கொ’ என்ற எழுத்தில் முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். விரல் கொம்பையும் ககரத்தையும் தொட்டதும் ‘கெ’ என்று சொல்லிவிடுவான். பிறகு கால் வரும். அதை என்ன செய்வது என்று தெரியாது. ‘கெழுந்து’ என்பான். அப்படி ஒரு சொல் இல்லை என்று அவனுக்கே தெரியும், திரும்பத் தொடங்குவான். மூன்றாம் முறை சரியாகச் சொல்லும்போது வாக்கியத்தின் தொடக்கம் அவனுக்கு மறந்து போயிருக்கும். நன்றாக வாசிப்பவர்கள் அந்த மூன்று துண்டையும் ஒரே பார்வையில் எடுத்துவிடுகிறோம். அதனால்தான் அவனுடைய பாடு நமக்குத் தெரிவதில்லை.

அந்தப் பையனுக்கு கொ, கோ, பொ, போ, தொ, தோ என்று இந்த எழுத்துகளை மட்டும் அட்டையில் பெரிதாக எழுதி, ஒவ்வொன்றும் ஒரே ஓசை என்று தினமும் பத்து நிமிடம் காட்டினேன். பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டிப் புத்தகத்தின் மேல் வைத்து நகர்த்தினோம். மேல் வரியும் கீழ் வரியும் மறைந்தால் கண் அலையாது. ஒரு தவணை முழுக்க எடுத்தது. வேகம் வரவில்லை, ஆனால் பயம் போனது. நீயும் பத்து நிமிடம் செய். பத்துக்கு மேல் வேண்டாம். ல, ள, ழ மயக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடு, அதில் பட்டதாரிகளும் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது பாடசாலை. அம்மா மறுபடியும் அரைப்பேரை இழந்து போய் அழத் தேவையில்லை. ஒரு கடிதத்தோடு போகட்டும். நீ எழுது. தம்பி வாசித்தால் என்ன நடக்கிறது, கேட்டால் என்ன நடக்கிறது என்று நீ குறித்ததை எழுதி, அவனுடைய கொப்பியில் இரண்டு பக்கத்தைப் போட்டோ பிரதி எடுத்து இணைத்து, அதிபரிடம் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். மூன்று விடயங்களைக் கேளுங்கள். அவனை முன்னுக்கு இருத்த வேண்டும். வகுப்பு முன்னால் எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. தவணைப் பரீட்சையில் வினாவை யாராவது வாசித்துக் காட்டி, வாய்மொழியாகவும் பதில் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் பணமும் வேண்டாம், மேலிடத்துச் சுற்றறிக்கையும் வேண்டாம்.

வலயக் கல்விக் காரியாலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரி இருப்பார். அவரைச் சந்திக்க அதிபர் மூலம் கேளுங்கள். ஏன் இந்த அவசரம் என்றால், தரம் 11 முடிவில் வரும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், எழுத உதவுபவர் போன்ற சலுகைகளைக் கொடுக்கிறது. அதை அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். யாருக்கு எது என்பதைத் திணைக்களம்தான் முடிவு செய்யும். அறிக்கை ஒரு நாளில் கிடைக்காது. கிளினிக் திகதி, அனுப்பும் துண்டு, இன்னொரு கிளினிக் என்று மாதங்கள் ஓடிவிடும். தரம் 11இல் கண் விழிக்கிறவர்கள்தான் கூடுதல். நீங்கள் தரம் 9இலேயே தொடங்குங்கள். கிளினிக்கில் சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, மொழி தெரியாததால் அது நெஞ்சிலேயே நின்றுவிடக் கூடாது.

இன்னும் ஒன்று. சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள், அதில் ஆறு கட்டாயம். மூன்றைத் தெரிவு செய்யலாம், அந்தத் தெரிவு தரம் 10க்குப் போகும்போது நடக்கும். வகுப்பில் எல்லோரும் எடுப்பதை அவனும் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் பாடசாலையில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் இருந்தால் அதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் விவசாயம். அழகியலில் சித்திரம் நல்லது, அங்கே கைக்கும் புள்ளி உண்டு. அதற்குப் பிறகும் வழி இருக்கிறது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் தரம் 12இல் தொழிற்பாடத் துறைக்குப் போகலாம். எல்லாப் பாடசாலையிலும் அது இல்லை, பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று வலயத்தில் விசாரித்துவையுங்கள். தொழில் பழக்கச் சொன்ன ஆசிரியர் அதைப் பாடசாலைக்கு வெளியே தேடச் சொன்னதுதான் பிழை.

தம்பியிடம் நான் கேட்டதாகச் சொல்: ரேடியோவுக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்று அவன் எப்படி நினைவு வைத்திருக்கிறான்? அவன் சொல்வதை எழுதி எனக்கு அனுப்பு.

\*

மதிப்புக்குரிய டீச்சர்,
நான் நியமனம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தரம் 8க்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். 41 பிள்ளைகள். அதில் ஒரு மாணவி காதுக்கருவி அணிகிறாள். முதல் வாங்கில்தான் இருத்தியிருக்கிறேன். விளங்கியதா என்று கேட்டால் தலையாட்டுகிறாள், பரீட்சையில் ஒன்றும் எழுதுவதில்லை. காது கேளாத பிள்ளைகளும் படிக்கும் கைதடி நவீல்ட் விசேட பாடசாலைக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் சொல்லலாமா?
– இளம் ஆசிரியர், மஸ்கெலியா

தம்பி, நீங்கள் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். பலர் கேட்பதே இல்லை.

காதுக்கருவி கண்ணாடி மாதிரி இல்லை. போட்டவுடன் எல்லாம் தெளிவாகிவிடாது. உங்கள் குரலோடு கதிரை இழுக்கும் சத்தம், பக்கத்து வகுப்பின் பாட்டு, தகரக் கூரையில் விழும் மழை எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். நீங்கள் ஓரிரண்டு மீற்றர் தூரத்தில் நின்றால்தான் உங்கள் குரல் மற்றதை மீறும். மஸ்கெலியாவில் ஆனி, ஆடி மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை அடித்துப் பெய்யும்போது பேச்சை நிறுத்திவிட்டு எழுதுங்கள். மற்ற 40 பேருக்கும் அப்போது அரைகுறையாகத்தான் கேட்கிறது.

அவள் பாதியைக் காதாலும் பாதியை உங்கள் உதட்டிலும் வாசிக்கிறாள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் அந்தப் பாதி போய்விடும். எழுதி முடியுங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், வெளிச்சம் பின்னால் இருந்தால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். உதட்டிலும் எல்லாம் தெரியாது. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘பாலை’ என்றும் ‘மாலை’ என்றும் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். ஆகவே பச்சையம், ஒளித்தொகுப்பு போன்ற புதுச் சொற்களைப் பாடம் தொடங்கு முன்பே பலகை ஓரத்தில் எழுதிவிடுங்கள். தெரிந்த சொல்லை உதட்டில் பிடிக்கலாம், தெரியாத சொல்லைப் பிடிக்கவே முடியாது.

முதல் வாங்கை விட இரண்டாம் வாங்கின் ஓரம் நல்லது. அங்கிருந்து திரும்பினால் பதில் சொல்லும் பிள்ளைகளின் முகமும் தெரியும். “விளங்கியதா?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். விளங்கவில்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்த பிள்ளை தலையாட்டத்தான் செய்யும். “இலை ஏன் பச்சை, நீ சொல்” என்று கேளுங்கள்.

வீட்டில் ஒன்றை விசாரியுங்கள். நம் தோட்டத்து லய வீடுகளில் ஈரமான எதையும் அடுப்புக்கு மேல் வைத்துக் காய வைப்பது வழக்கம். காதுக்கருவியை அப்படி வைத்தால் சூட்டில் பழுதாகிவிடும். இரவில் பற்றரியைக் கழற்றிவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதி போட்ட மூடி உள்ள டப்பாவில் கருவியை வைக்கச் சொல்லுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிறிய பொதியே தொடக்கத்துக்குப் போதும். பற்றரியை அதற்குள் போட வேண்டாம்.

கைதடி நல்ல இடம். சைகை மொழி தேவைப்படும் பிள்ளைக்கு அங்கே பேச்சுத் துணை கிடைக்கும், அப்படிப் போவது தோல்வி இல்லை. ஆனால் உங்கள் மாணவி தமிழில் பேசுகிறாள், வாசிக்கிறாள் என்றால், நாம் பலகையைப் பார்த்துப் பேசுவதற்காக 13 வயதில் வீட்டை விட்டு யாழ்ப்பாணம் வரை போக வேண்டுமா? மேலே சொன்னதை ஒரு தவணை செய்து பாருங்கள். பிறகு பெற்றோரிடம் பேசும்போது அவளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

\*

டீச்சர், மகள் தரம் 10. வகுப்பில் இரண்டு முறை வலிப்பு வந்தது. மருந்து எடுக்கிறாள். குணமாகும் வரை அனுப்ப வேண்டாம் என்று பாடசாலையில் சொல்கிறார்கள்.
– ஒரு தகப்பன், ஹப்புத்தளை

ஐயா, நாளைக்கே அனுப்புங்கள். வலது குறைந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் பயப்படுகிறார்கள், பயத்தைப் போக்கினால் கதவு திறக்கும். கிளினிக் துண்டின் பிரதியைக் கொடுத்துவிட்டு, வகுப்பாசிரியரிடம் இதைச் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தால் பக்கத்தில் உள்ள மேசையை நகர்த்தி, தலைக்குக் கீழே மென்மையாக எதையாவது வைக்க வேண்டும். கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. உதறல் அடங்கியதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். தொடங்கிய நேரத்தை யாராவது மணிக்கூட்டில் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பு முன் இன்னொன்று வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, நல்லாகிவிட்டது என்று நினைத்து மருந்தை நீங்களாகவே நிறுத்தாமல் இருப்பது.

முடிந்ததும் அவளுக்கு மிகவும் களைப்பாக இருக்கும், வெட்கமாகவும் இருக்கும். சுற்றி நிற்கும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சற்று நேரம் தூங்க விடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நடந்த பாடத்தை ஒரு தோழி அவளுடைய கொப்பியில் எழுதி வைக்கட்டும்.