இறங்கியது கர்ப்பப்பையா, சிறுநீர்ப்பையா?

கேள்வி: எனக்கு 54 வயது. மூன்றும் சுகப்பிரசவம். மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. சில மாதங்களாகச் சாயங்காலம் ஆனால் அடியில் ஒரு உருண்டை வெளியே வருகிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது. சிறுநீர் போன பிறகும் மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது. தெருக்குழாயில் இருந்து குடம் தூக்குவது நான்தான். “கர்ப்பப்பை இறங்கிவிட்டது, எடுத்தால்தான் தீரும்” என்கிறார் நாத்தனார். புற்றுநோயோ என்று பயம். வீட்டில் சொல்லக் கூச்சம்.

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நின்றால் இறங்கி, படுத்தால் உள்ளே போகிற உருண்டை பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், சிறுநீர் மிச்சம் நிற்பதை வைத்துப் பார்த்தால் இறங்கியிருப்பது உங்கள் சிறுநீர்ப்பையாக இருக்கலாம். பெண்களுக்கு வரும் அடி இறக்கங்களில் இதுதான் அதிகம். பிறப்புறுப்பின் முன்சுவர்தான் சிறுநீர்ப்பையைத் தாங்குகிறது. பிரசவத்தில் தளர்ந்த அந்தச் சுவர், மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் மேலும் மெலிகிறது. மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், பாரம் தூக்குவது எல்லாம் அதை இன்னும் கீழே தள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனை விட மருத்துவரின் பரிசோதனைதான் முக்கியம். முக்கச் சொல்வார், இருமச் சொல்வார்; எந்தச் சுவர், எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்ப்பார். காலையில் படுத்த நிலையில் பார்த்தால் இறக்கம் குறைவாகத் தெரியலாம். “சாயங்காலம்தான் வருகிறது, நிற்க வைத்தும் பாருங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும், கழித்த பிறகு எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க ஒரு ஸ்கேனும் போதும்.

சரி, சிகிச்சை? சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியில் தொடங்கலாம். காற்றுப் போகாமல் அடக்குவது போல அந்தத் தசையை மேலே இழுத்துப் பிடியுங்கள். முதலில் சில விநாடி, பழகியதும் 10 விநாடி வரை. பிறகு அதே அளவு தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு மூன்று வேளை, நான்கு மாதம். வயிற்றை எக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சரிபார்த்தால் நல்லது, தவறான தசையை இறுக்குகிறவர்கள் நிறைய.

அப்புறம் பெசரி என்ற சிலிகான் வளையம் இருக்கிறது. அளவு பார்த்து உள்ளே வைத்தால் இறக்கத்தைத் தாங்கும். பலர் தாங்களே எடுத்துக் கழுவி மாட்டிக்கொள்கிறார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இவை போதாவிட்டால் முன்சுவரைத் தைத்து இறுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. சிலருக்கு மறுபடி இறங்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாத்தனாரின் யோசனையை மட்டும் உடனே ஏற்காதீர்கள். இறங்கியது சிறுநீர்ப்பை என்றால், கர்ப்பப்பையை எடுப்பதால் மட்டும் அது மேலே ஏறாது. கர்ப்பப்பையும் சேர்ந்து இறங்கியிருந்தால்கூட, அதை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகள் இருக்கின்றன. யாராவது “எடுத்துவிடலாம்” என்றால், எதற்காக என்று கேளுங்கள்.

சிறுநீர் அடியோடு நின்றாலோ, காய்ச்சலோடு எரிச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

வீட்டில் இன்று இரவே சொல்லிவிடுங்கள். நாளையிலிருந்து அந்தக் குடத்தை வேறு யாராவது தூக்கட்டும்.