தட்டடவு போட்டவளுக்கா எலும்பு தேய்வு?

கேள்வி: அக்கா, எனக்கு 58 வயசு. ஒம்போது வயசுல பரதத்துக்கு சலங்கை கட்டினேன், 41 வரைக்கும் ஆடினேன், அப்புறம் முட்டி வலின்னு விட்டுட்டேன். போன மாசம் ஈர வராண்டாவுல வழுக்கி கையை ஊனினேன், மணிக்கட்டு ஒடஞ்சிருச்சு. எலும்பு அடர்த்தி பாக்கற டெக்ஸா ஸ்கேன்ல இடுப்பு மைனஸ் 0.8, முதுகுத்தண்டு மைனஸ் 2.7ன்னு வந்திருக்கு. தரை அதிர தட்டடவு போட்டவளுக்கு எலும்பு எப்படி தேயும்? மெஷின் தப்பா? (வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

பதில்: மெஷின் சரியாத்தான்மா சொல்லுது. அந்த நம்பர், இளவயசு எலும்போட ஒப்பிட்டா உங்களோடது எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு காட்டறது; மைனஸ் 2.5ஓ அதுக்குக் கீழயோ இருந்தா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு தேய்வு. நீங்க தட்டின தட்டு வீணாப் போகல, அது போய்ச் சேர்ந்த இடம் காலும் இடுப்பும், அங்க நம்பர் நல்லாத்தானே இருக்கு! முதுகுத்தண்டுக்கும் மணிக்கட்டுக்கும் அந்த அதிர்வு அவ்வளவா போறதில்ல, அங்க ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறைஞ்சா சீக்கிரம் காட்டிக்குடுத்துடும்.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், பதிலை எனக்கு எழுத வேணாம், டாக்டர்கிட்ட சொல்லுங்க. அரங்கேற்றத்துக்கு ஒல்லியா தெரியணும்னு சாப்பாட்டைக் குறைச்சீங்களா, அந்த வயசுல மாசக்கணக்கா பீரியட்ஸ் வராம இருந்துச்சா? அப்பல்லாம் ஆடற பொண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்னு வீட்லயும் விட்டுட்டாங்க, பீரியட்ஸ் இல்லாதது வசதின்னு சந்தோஷப்பட்டவங்களும் உண்டு. உடம்புக்கு சாப்பாடு பத்தலன்னா முதல்ல அது நிறுத்தறது ஈஸ்ட்ரோஜனைத்தான். 1986லயே பாலே ஆடற 75 பொண்ணுங்களைப் பார்த்து, வயசுக்கு வர்றது தள்ளிப்போனவங்களுக்கும் பீரியட்ஸ் நின்னவங்களுக்கும் எலும்பு முறிவும் முதுகு வளைவும் அதிகம்னு எழுதிட்டாங்க. நம்ம மோக்கா மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல ஆரம்பத்துல பரதம் படிச்சவங்க எல்லாம் இப்ப அம்பதைத் தாண்டியாச்சு, அவங்ககிட்ட இதை யாராவது கேட்டாங்களான்னா எனக்கு சந்தேகம்தான். உங்களுக்கும் அப்படி இருந்திருந்தா, முப்பது வயசுக்குள்ள எலும்புல சேர்க்க வேண்டியது சேரல, அதுக்கு மேல மெனோபாஸ் வந்தா அஞ்சுலேர்ந்து ஏழு வருஷத்துல இருபது சதவீதம் வரைக்கும் கூட எலும்பு போயிடும், அதான் உங்க மைனஸ் 2.7ஆ இருக்கும்.

சுவத்துல வெறுங்காலோட சாஞ்சு நின்னு உயரம் அளந்து பாருங்க. இளவயசு உயரத்துல நாலு சென்டிமீட்டர் குறைஞ்சிருந்தா முதுகெலும்பு சத்தமில்லாம நொறுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே கேளுங்க. வைட்டமின் டி, தைராய்டு டெஸ்டும் பாத்துடணும். எலும்பு தேயறதைத் தடுக்க வாரம் ஒரு தடவை போடற அலெண்ட்ரோனேட் மாத்திரை குடுத்தாங்கன்னா காலைல வெறும் வயித்துல வெறும் தண்ணில முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்காம, வேற எதுவும் சாப்பிடாம குடிக்காம இருக்கணும், எழுந்ததும் பால் டீ குடிக்கிற நம்மாளுங்க இங்கதான் கோட்டை விடுவாங்க, டீயோட சேர்ந்தா மாத்திரை வேலையே செய்யாது.

ஆடறதை அடியோட விட வேணாம், மெதுவா அரைமண்டி (முட்டியை மடக்கி பாதி உக்கார்ற நிலை), நடை, கொஞ்சம் வெயிட் தூக்கறது, எல்லாம் பிசியோகிட்ட காட்டிட்டு. குனிஞ்சு காலைத் தொடற ஆசனமும் உடம்பை முறுக்கறதும் மட்டும் வேணாம். அப்புறம் அந்த வராண்டா! மழை நாள்ல டைல்ஸ்ல வெறுங்காலோட நடக்காதீங்க, ஆடின காலுன்னு தெம்பு இருக்கும், அந்தத் தெம்புதான் ஆபத்து.

கேள்வி: என் பொண்ணுக்கு 16, நாலு மாசமா பீரியட்ஸ் இல்ல. டான்ஸ் டீச்சர் இன்னும் ரெண்டு கிலோ குறைக்கச் சொல்றாங்க. மாத்திரை போட்டு வர வெச்சுடலாமா? (வாசகி, குவாத்ர் போர்ன்)

பதில்: மூணு மாசம் வரலன்னாலே டாக்டர்கிட்ட போயாகணும்மா, ரத்த டெஸ்ட் எடுக்கணும். கருத்தடை மாத்திரையால ரத்தம் வரும், போன எலும்பு வராது, எல்லாம் சரியாயிடுச்சுன்னு நாம ஏமாந்துடுவோம். அவளுக்கு வேண்டியது சாப்பாடு, கிளாஸுக்கு முன்னாடியும் பின்னாடியும். அந்த ரெண்டு கிலோவை டீச்சர் மறந்துடட்டும், கேக்கலன்னா வேற டீச்சரைப் பாருங்க, நான் பூசி மெழுகல.

கேள்வி: கால்சியம் மாத்திரை ரெண்டா போட்டா நல்லதா? (வாசகி, பொர்ட் லூயிஸ்)

பதில்: அம்பது தாண்டினா ஒரு நாளைக்கு சாப்பாட்டோட சேர்த்து 1200 மில்லிகிராம் போதும். முதல்ல தட்டைப் பாருங்க: ப்ரேட் முரும்னு நாம சொல்ற முருங்கைக்கீரை, தயிர், பால் பவுடர், முள்ளோட சாப்பிடற டின் சார்டின். மிச்சத்துக்குத்தான் மாத்திரை, அதுவும் ஒரு தடவைக்கு 500க்கு மேல போட்டா உடம்பு அவ்வளவா ஏத்துக்காது, கிட்னி கல்லு இருந்தா டாக்டரைக் கேக்காம தொடவே வேணாம்.