விரும்பித்தானே போனார்கள்?

ஐயா, வணக்கம்.

ஒரு பத்திரிகைக்குச் செய்திகள் மொழிபெயர்க்கிறேன். ‘ஸ்மக்ளிங்’, ‘டிராஃபிக்கிங்’ இரண்டையுமே ‘கடத்தல்’ என்றுதான் எழுதுகிறேன். இரண்டுக்கும் உண்மையில் வேறுபாடு உண்டா? இரண்டாவதற்குப் புதுச்சொல் உருவாக்கலாமா? இன்னொன்று: ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி நாடு தாண்டுகிறவர்களையும் பாதிக்கப்பட்டவர்கள் என்கிறார்களே, அவர்கள் விரும்பித்தானே போகிறார்கள்?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேறுபாடு உண்டு. சரக்கைப் பொறுத்தவரை விஷயம் எளிது. தங்கமோ சிகரெட்டோ சுங்கத்தை ஏய்த்து உள்ளே வந்தால் ஸ்மக்ளிங். குற்றம் எல்லையில் நடக்கிறது. டிராஃபிக்கிங்கில் வியாபாரமே குற்றம். ஹெராயின் எந்த எல்லையையும் தாண்டாமல் அடுத்த தெருவில் கைமாறினாலும் அதுதான். அங்கே ‘சட்டவிரோத வணிகம்’ என்று எழுதுங்கள், போதும். புதுச்சொல் வேட்டையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. ‘விரும்பித்தானே’ என்ற சொல் கொஞ்ச காலமாகவே என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள்தான் அதை அதிகம் சொல்கிறார்கள். நீங்களுமா?

மனிதர்கள் விஷயத்தில் ஐ.நா. 2000ஆம் ஆண்டில் இரண்டு தனித்தனி நெறிமுறைகளை, அதாவது நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தங்களை, ஏற்றது. காசு வாங்கிக்கொண்டு ஒருவரைச் சட்டவிரோதமாக ஒரு நாட்டுக்குள் நுழைப்பது ஒன்று; அது ஸ்மக்ளிங். சுரண்டுவதற்காக ஏமாற்றியோ மிரட்டியோ இக்கட்டைப் பயன்படுத்தியோ ஆளைப் பிடிப்பது மற்றொன்று, அது டிராஃபிக்கிங்; இதற்கு எல்லை தாண்டவே வேண்டாம். அப்படி வாங்கிய சம்மதம் செல்லாது என்று இரண்டாவது நெறிமுறை வெளிப்படையாகவே சொல்கிறது. 18 வயது நிரம்பாதவர் என்றால் ஏமாற்றியதைக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை.

சம்மதம் என்கிறீர்களே, எதற்குச் சம்மதம்? ஒருவன் கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டுகிறான். போய் இறங்கியதும் “பத்திரமா இருக்கட்டும்” என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். படுக்க இடம், சாப்பாடு, வேலை வாங்கிக்கொடுத்த கமிஷன் எல்லாம் அவன் பேரில் நோட்டில் ஏறுகிறது. சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட பிறகும் மாதக் கடைசியில் கடன் கூடித்தான் இருக்கிறது. படகில் ஏறச் சம்மதித்தான், சரி. இந்த நோட்டுக்கு எப்போது சம்மதித்தான்? ஸ்மக்ளிங்காகத் தொடங்கியது, அவன் இருந்த இடத்திலேயே டிராஃபிக்கிங் ஆகிவிட்டது. போலீஸ் வந்தால் முதலில் மாட்டுவதும் அவன்தான். கையில் காகிதம் இல்லையே.

நோட்டு வரைக்கும் போகாதவர்களும் உண்டு. 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் ஒரு லாரி கன்டெய்னருக்குள் 39 வியட்நாமியர்கள் காற்றில்லாமல் செத்துக் கிடந்தார்கள். பணம் கட்டி ஏறியவர்கள். கொலை நோக்கமில்லாமல் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்கும் சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு உதவச் சதி செய்ததற்கும் ஏற்றி அனுப்பிய கும்பலுக்குத் தண்டனை கிடைத்தது. அந்தத் தண்டனைகளில் டிராஃபிக்கிங் இல்லை. அதனால் அந்த 39 பேர் பாதிக்கப்படாதவர்கள் ஆகிவிடுவார்களா? ஸ்மக்ளிங் பற்றிய நெறிமுறையேகூட, கடத்திவரப்பட்டார் என்பதற்காக ஒருவர்மேல் குற்றவழக்கு தொடுக்கக்கூடாது என்கிறது.

நீங்கள் கெட்ட மனசோடு கேட்கவில்லை என்று தெரியும். ஆனால் உங்கள் கையில் தலைப்பு இருக்கிறது. அடுத்த செய்தி வரும்போது எந்தச் சொல்லைப் போடுவது என்று யோசிக்கும் முன், பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது, கடன் யாருக்கு என்று செய்தியில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நிருபரிடம் கேளுங்கள்.

அன்புடன்.